பெருக்கல் குறி எங்கே?

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் போன் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது. லெவல் முடிய இரண்டே நகர்த்தல் பாக்கி. கடைசி மஞ்சள் பெட்டியை எந்தப் பக்கம் தள்ளினால் வழி பிறக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்துத் திரையை மறைத்துக்கொண்டு ஒரு கரடிக்குட்டி எட்டிப்பார்த்தது. எங்கள் கேம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? கீழே ஐந்து வெற்று நட்சத்திரங்கள்.

நியாயமாக நடந்துகொள்வோம் என்று மூன்றைத் தொட்டேன். கரடியின் முகம் வாடிவிட்டது. என்ன குறை என்று விளக்கச் சொல்லி ஒரு படிவம் வந்தது. மின்னஞ்சல் முகவரி கட்டாயமாம். மூடிவிட்டேன். அடுத்த லெவல் முடிந்ததும் கரடி மறுபடி வந்தது. இந்தத் தடவை ஐந்தைத் தொட்டேன். படிவமும் கிடையாது, விசாரணையும் கிடையாது, நேரே பிளே ஸ்டோரில் கொண்டுபோய் நிறுத்தியது. ஆக, மூன்று கொடுத்தவன் சொல்வது அவர்களுக்குள்ளேயே அடங்கிப்போகும். ஐந்து கொடுத்தவன் சொல்வதுதான் ஊருக்குத் தெரியும். இறக்குகிற கேம் எல்லாம் நாலரை நட்சத்திரத்தோடு ஏன் வருகிறது என்று இத்தனை நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சுபாவத்தில் கோபக்காரன் இல்லை என்று எழுத ஆசைதான். வீட்டில் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதவில்லை.

ஒரு மொபைல் கேம் உருப்படியானதா இல்லையா என்று கண்டுபிடிக்க நட்சத்திரமெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு கேள்வி போதும். தூக்கம் கெட்ட பல இரவுகளின் பலனாகக் கிடைத்த கேள்வி அது. கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் நாமெல்லாம் இப்போது எப்படித் தரம் பார்க்கிறோம் என்பதைக் கொஞ்சம் பேசிவிடலாம்.

நட்சத்திரத்தைப் பார்ப்போம், நம்ப மாட்டோம். கீழே இறங்கி ரிவ்யூ படிப்போம். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் 'ஓபனே ஆகலை' என்று எழுதியிருப்பார். ஒற்றை நட்சத்திரக்காரர் 'சூப்பர் கேம், எல்லாரும் விளையாடுங்க' என்பார்; ஒன்று என்றால் முதல் ரேங்க் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ. இன்னொருவர் கேமைப் பற்றி மூச்சே விடாமல் தன் மகனின் பிறந்தநாளுக்கு வாழ்த்துக் கேட்டிருப்பார். அடுத்து எத்தனை எம்.பி. என்று பார்ப்போம். முந்நூறைத் தாண்டினால் எந்தப் போட்டோவை அழிப்பது என்ற குடும்பப் பிரச்சினை. கொழுந்தனார் பிள்ளையின் காதுகுத்துப் படங்கள்தான் முதலில் போகும். எல்லாம் முடிந்து இறக்கி, இரண்டு நிமிஷம் ஆடி, 'சே, குப்பை' என்று தீர்ப்பு சொல்லி, அந்தக் குப்பையைத் தீபாவளி வரைக்கும் ஆடுவோம்.

நல்ல கேம் வராமலும் இல்லை. 2014இல் மானுமென்ட் வேலி வந்தது. லண்டன்காரர்கள் செய்தது. கோபுரத்தைத் திருப்பினால் இல்லாத பாதை இருக்கும். படியேறிப் போனால் சுவர் தரையாகியிருக்கும். எஷர் என்ற ஓவியரின் படத்துக்குள் புகுந்துவிட்ட மாதிரி ஒரு சின்னப் பெண் நடந்து போய்க்கொண்டிருப்பாள். விளம்பரம் கிடையாது. ஆப்பிளின் டிசைன் விருதும் அதே வருஷம் கிடைத்தது. விலை 3.99 டாலர். வருஷக் கடைசியில் எட்டு புது லெவல்களைச் செய்து, 1.99 டாலர் கொடுத்தால் இதையும் ஆடலாம் என்றார்கள். அவ்வளவுதான், ஒற்றை நட்சத்திரங்களாகப் பொழிந்துவிட்டார்கள் ஜனங்கள். கேம் நன்றாக இல்லை என்று அல்ல, நன்றாக இருப்பதற்குக் காசு கேட்டார்கள் என்று! இதைப் படித்துவிட்டு வெளிநாட்டுக்காரனும் நம்மைப் போலத்தான் என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். நானும் பட்டேன்.

வியட்நாமில் டாங் நுயென் என்ற இளைஞர் ஃப்ளாப்பி பேர்ட் செய்தார். குழாய்களுக்கு நடுவே ஒரு குருவியைப் பறக்கவிடுவது, இடித்துச் சாவது, மறுபடி பறக்கவிடுவது. வேறொன்றும் கிடையாது. விளம்பரத்தில் மட்டும் ஒரு நாளைக்கு 50,000 டாலர் வருகிறது என்ற நிலையில், 2014 பிப்ரவரியில் அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். ஜனங்கள் இதற்கு அடிமையாகிறார்கள், எனக்கு இது வேண்டாம் என்றார். தான் செய்ததைத் தானே தராசில் வைத்துப் பார்த்த மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வேறு தராசு வைத்திருக்கிறார்கள். ஐந்து உயிர் கொடுத்து, போன உயிர் ஒவ்வொன்றும் திரும்பி வர அரை மணி நேரம் காக்க வைக்கும் கேண்டி க்ரஷைச் செய்த கம்பெனி, 2016இல் 590 கோடி டாலருக்கு விலைபோனது. தரம் என்றால் அது தரம்.

அதற்கெல்லாம் முன்னால் நோக்கியாவில் பாம்பு இருந்தது. 1997இல் 6110 மாடலுக்காக டனேலி ஆர்மான்டோ என்ற ஃபின்லாந்து இன்ஜினியர் எழுதியது. அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று யாரும் கேட்கவில்லை. பாம்பு சுவரில் முட்டிச் செத்தால் செத்ததுதான். இந்த விளம்பரத்தைப் பார், வாலோடு எழுப்பித் தருகிறேன் என்று யாரும் பேரம் பேசவில்லை.

இப்போது செத்தால் விளம்பரம், பிழைத்தால் விளம்பரம், லெவல் முடித்தால் அதைக் கொண்டாட ஒரு விளம்பரம். வரட்டும், அவர்களும் பிழைக்க வேண்டும். என் சண்டை விளம்பரத்தோடு இல்லை. அதை மூடுவதற்கு மூலையில் வைத்திருக்கிறார்களே, அந்தப் பெருக்கல் குறியோடு.

முதலில் அது வரவே வராது. மூலையில் ஒரு வட்டம் இருக்கும். அதற்குள் முப்பதிலிருந்து கீழ்நோக்கி எண்ணிக்கொண்டிருப்பார்கள். நாம் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பூஜ்யம் வந்ததும் வருவது பெருக்கல் குறி அல்ல, இரட்டை அம்பு. அதை அமுக்கினால் விளம்பரம் முடியாது, விளம்பரத்தின் இரண்டாம் பாகம் தொடங்கும். அதற்குத் தனியாக ஒரு வட்டம். அதுவும் தீர்ந்தால் பிளே ஸ்டோரின் துண்டு ஒன்று கீழிருந்து எழும்பிப் பாதித் திரையை மூடும். அதை மூட ஒரு பெருக்கல் குறி, அதற்குப் பின்னால் இருப்பதை மூட இன்னொரு பெருக்கல் குறி.

சரி, வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! கடுகைவிடச் சின்னதாக, வெள்ளைப் பின்னணியில் வெள்ளையாக நிற்கும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துத் தேடுவதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். கண்டுபிடித்தாலும் அது ஒரு இடத்தில் நிற்காது. வலது மேல் மூலைக்கு விரலைப் பழக்கியிருப்போம். இன்றைக்கு இடது மேல் மூலையில் இருக்கும். இடதுக்குப் பழகினால் அடியில் போய் உட்கார்ந்திருக்கும். சில விளம்பரங்களில் படத்திலேயே ஒரு பெருக்கல் குறியை வரைந்து வைத்திருக்கிறார்கள். தடியாக, அழகாக, சிவப்பு வட்டத்துக்குள். அதுதான் போலி. தொட்டால் கடை திறக்கும். அசல் குறியைக் குறி தவறாமல் அமுக்கினாலும் பல நேரம் கடைதான் திறக்கும், ஏனென்றால் கண்ணுக்கு அது இருக்கிற இடம் வேறு, விரலுக்கு அது இருக்கிற இடம் வேறு. அடித்துப்பிடித்துத் திரும்பி வந்தால், வட்டத்துக்குள் எண் நாம் விட்டுப்போன இடத்திலேயே நின்றிருக்கும். நாம் இல்லாத நேரத்தை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் ஆபீஸில்கூட இவ்வளவு கண்டிப்பு கிடையாது.

என் மச்சான் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறான். ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு ஆடுவான். விளம்பரம் வராது. ஆனால் அவனுக்கு யாருடைய போனும் வராது. போன மாதம் அவன் மாமனார் பேருந்து நிலையத்தில் இறங்கி இரண்டு மணி நேரம் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்த வைத்தியத்தை இனி வீட்டில் யாரும் செய்யக் கூடாது என்று தீர்மானம் ஆகிவிட்டது.

நான் இதற்காகவே ஒரு மார்க் முறை வகுத்திருக்கிறேன். குறியின் தடிமனுக்கு 20, ஒரே மூலையில் நிற்பதற்கு 30, முதல் அமுக்கிலேயே மூடிக்கொண்டால் 50. நூற்றுக்கு 35 எடுத்தால் பாஸ். இதுவரை ஒரே ஒரு கேம்தான் பாஸாகியிருக்கிறது. அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டதால் அதில் விளம்பரமே வருவதில்லை.

இருங்கள், அந்த ஒரே கேள்வியை மறக்கவில்லை. அது இதுதான்: பெருக்கல் குறி எங்கே?

பெருக்கல் குறியைத் தேடுகிற நேரத்தில் விளம்பரத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது இல்லையா. ஒரு ராஜா மாட்டிக்கொண்டிருப்பார். மேலே நெருப்புக் குழம்பு, பக்கத்தில் தண்ணீர், நடுவில் இரண்டு ஊசி. தண்ணீர்ப் பக்கத்து ஊசியை முதலில் உருவினால் ராஜா பிழைத்தார். ஆனால் விளம்பரத்தில் வரும் அந்தக் கை இருக்கிறதே, அது உலக மகா மக்குக் கை. ஒவ்வொரு தடவையும் நெருப்புப் பக்கத்து ஊசியைத்தான் உருவும். 'டேய், அந்த ஊசிடா!' என்று நாம் கத்துவோம். கத்திய சூட்டிலேயே இறக்கிவிடுவோம். அதற்காகத்தான் அந்தக் கை மக்காக இருக்கிறது. இறக்கித் திறந்தால் ராஜாவும் இல்லை, நெருப்பும் இல்லை. மூன்று மூன்றாகக் கட்டம் சேர்க்கும் கேம். ராஜாவைக் காப்பாற்ற வந்தவனை உட்கார வைத்துப் பழம் அடுக்கச் சொல்கிறார்கள்.

2020இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் ஆகிய இரண்டு கேம்களுக்கு வந்த இந்த மாதிரி விளம்பரங்களைத் தடை செய்தது. அந்தப் புதிரும் கேமுக்குள் அங்கங்கே வரத்தான் செய்கிறது என்று கம்பெனி வாதாடிப் பார்த்தது. பெரும்பாலும் ஆடுவது வேறு, காட்டுவது வேறு என்று தீர்ப்பாகிவிட்டது. அந்த வழக்குக்குப் புகார் கொடுத்தவர்கள் மொத்தம் ஏழு பேர். நம் தெருவில் கேட்டால் ஏழு நிமிஷத்தில் எழுபது பேர் வருவார்கள். ஆனால் எல்லோரும் கையில் அந்த கேமோடுதான் வருவார்கள்.

தரம் பார்ப்பதில் கும்பகோணத்துப் பெரியப்பா அளவுக்கு நான் இன்னும் போகவில்லை. மின்வாரியத்தில் ரீடிங் எடுத்து ஓய்வுபெற்றவர். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் போனில் லூடோ. தாயக்கட்டையில் ஒரு காலத்தில் தெருவையே ஜெயித்தவர் என்று அவரே சொல்வார். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஆறு ஆறாக விழுகிறது, கட்டையில் ஏதோ செட் பண்ணி வைத்திருக்கிறான் என்பது அவருடைய குற்றச்சாட்டு. சும்மா சொல்லிவிட்டுப் போகிறவர் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதிவாரியாக, அவருக்கு விழுந்த ஆறு இந்தப் பக்கம், கம்ப்யூட்டருக்கு விழுந்த ஆறு அந்தப் பக்கம் என்று எழுதி வருகிறார். போன வாரம் போயிருந்தபோது காட்டினார். அசந்துவிட்டேன். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் கம்ப்யூட்டருக்குத்தான் ஆறு அதிகம்.

கொஞ்சம் ஊன்றிப் பார்த்தபோது நடுநடுவே தேதிகள் இல்லை.

"பெரியப்பா, இந்த நாள்லல்லாம் ஆடலையா?"

"ஆடினேனே. அன்னிக்கெல்லாம் நான் ஜெயிச்சேன்."

"அப்ப ஏன் எழுதலை?"

"கட்டை ஒழுங்கா விழுந்துது. ஒழுங்கா விழுந்ததை எதுக்குடா எழுதணும்?"

இதற்குமேல் புள்ளிவிவரம் பேச எனக்குத் தைரியம் இல்லை. சரி, இவ்வளவு கோபம் இருக்கிறதே, ஒற்றை நட்சத்திரம் கொடுத்துக் கிழித்திருப்பீர்களே என்றேன். போனை வாங்கிப் பார்த்தால் ஐந்து கொடுத்திருந்தார். ஏன் பெரியப்பா என்று கேட்டதற்கு, அடுக்களைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கொறைச்சுக் குடுத்தா கட்டை இன்னும் மோசமா விழுமோன்னு ஒரு பயம்தான்."