கல்வித் தந்தையே, ஒரு கையெழுத்துப் போடுங்கள்

பதினெட்டு வயதானால் இந்த நாட்டில் ஆட்சியையே மாற்ற ஓட்டுப் போடலாம். கொலை செய்தால் தூக்குமேடை வரைக்கும் தனியாகவே போகலாம். ‘அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா’ என்று நீதிபதி கேட்பதில்லை. கல்விக்கடன் விண்ணப்பத்தில் மட்டும் அந்தப் பதினெட்டு வயது பச்சைக் குழந்தையாகிவிடுகிறது. அப்பாவோ அம்மாவோ கார்டியனோ இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால்தான் மேனேஜர் ஃபைலைத் தொடுவார்.

அப்பா எங்கே என்பார். குடித்துவிட்டு எங்கே கிடக்கிறாரோ தெரியாது. இன்னொரு குடும்பத்தோடு திருப்பூரில் இருக்கலாம். ‘பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இன்ஜினியரிங்’ என்று சொல்லிவிட்டு வீட்டில் சவுக்கியமாக டிவி பார்த்துக்கொண்டும் இருக்கலாம். சாதி மாறிக் காதலித்தாள் என்று மகளைத் தலைமுழுகியவரும் உண்டு. இவர்களுக்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது.

கைவிட்ட அப்பாவின் கையெழுத்துத்தான் கிடைக்காது. அவருடைய சம்பளம் மட்டும் தவறாமல் கூடவே வரும். வட்டிச் சலுகைக்குக் குடும்ப வருமானச் சான்றிதழ் கேட்பார்கள். மாதம் ஒரு லட்சம் வாங்கும் தகப்பன் மகளுக்குப் பத்து பைசா தராவிட்டாலும், தாலுகா ஆபீஸ் கணக்கில் அவள் பணக்கார வீட்டுப் பெண். ராத்திரி ஹாஸ்டலில் பன் தின்கிற பணக்காரி.

கடன் ஏழரை லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாமாம். அதற்கு மேல் போனால் வீட்டுப் பத்திரம் வை என்கிறார்கள். ஏழரை எப்போதுமே நமக்கு ராசியில்லாத எண். 2024-ல் வந்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில் ஜாமீனே வேண்டாம் என்றார்கள், தரவரிசையில் மேலே இருக்கும் நிறுவனங்களுக்கு மட்டும்.

சரி, வேலை பார்த்துப் படிக்கலாமே என்று அறிவுரை சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படித்த காலத்தில் கட்டணம் மூன்று இலக்கத்தில் இருந்திருக்கும். இன்று ராத்திரி முழுக்கச் சாப்பாடு டெலிவரி செய்தவன் காலையில் வகுப்புக்கு வரமாட்டான். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். இறங்கினால், குறையை மன்னிக்கக் காண்டொனேஷன் ஃபீஸ். அதைக் கட்ட இன்னொரு ராத்திரி வண்டி ஓட்ட வேண்டும்.

கட்டுகிற கட்டணம் இத்தனையும் யாருக்குப் போகிறது? கல்லூரி நடத்தும் அறக்கட்டளைக்கு. ஆமாம், ஏட்டில் இது தர்மம், வரிவிலக்குக்கூட உண்டு. தமிழ்நாட்டில் நன்கொடை வசூலிக்கத் தடை விதிக்கும் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. நன்கொடை வாங்குவது படிப்பை விற்பதுதான் என்று உச்ச நீதிமன்றம் மோகினி ஜெயின் வழக்கில் சொன்னதும் அதே ஆண்டில்தான். பிறகு 2002-ல், டி.எம்.ஏ. பாய் வழக்கில், கொள்ளை லாபம் கூடாது, நியாயமான உபரி இருக்கலாம் என்றது. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. உபரி புதிய பிளாக் ஆகிறது, கருப்பு நிற சொகுசுக் கார் ஆகிறது, பக்கத்து ஊரில் இன்னொரு கல்லூரி ஆகிறது. கல்லூரி பஸ்ஸில் ஏறாதவனிடமும் பஸ் கட்டணம் வாங்குகிற நியாயத்தை எந்தத் தீர்ப்பிலிருந்து எடுத்தார்கள் என்றுதான் தெரியவில்லை.

பாதியில் படிப்பை விடலாம் என்றால் ஒரிஜினல் சர்டிபிகேட் பீரோவுக்குள் இருக்கிறது. வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-ல் அறிவிக்கை விட்டது. மீதி மூன்று வருஷக் கட்டணத்தையும் வைத்துவிட்டு வாங்கிக்கொள் என்கிறது ஆபீஸ். அடகுக் கடைக்காரராவது ரசீது கொடுப்பார்.

இந்தக் கல்லூரிகளை நடத்துகிறவர்களுக்கு ஃப்ளெக்ஸ் பேனரில் நாம் கொடுத்திருக்கும் பட்டம் ‘கல்வித் தந்தை’. பிறந்தநாளுக்கு முப்பதடிக் கட்அவுட், முழுப்பக்க விளம்பரம், கும்பிட்டபடி சிரிப்பு.

ஐயா கல்வித் தந்தையே, உங்கள் கல்லூரியில் இடம் வாங்கிய ஒரு பெண்ணின் விண்ணப்பத்தில் தந்தை கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருக்கிறது. கடன் பணம் நேரே உங்கள் கல்லூரிக் கணக்குக்குத்தான் வரப்போகிறது. பேனாவை எடுத்து அங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள். முடியாதென்றால் அந்தப் பட்டத்தைப் பேனரிலிருந்து கிழித்துவிட்டு, முதலாளி என்று எழுதிக்கொள்ளுங்கள்.