மரவாள் சங்கிலியின் இறுக்கம்: ஐதராபாத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் அவசியம்

செயின் சா என்னும் பெட்ரோல் மரவாளின் சங்கிலி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? இவ்வினா அறிஞர் பெருமக்களால் தீண்டப்படாமலே கிடக்கிறது. தொல்காப்பியர் இதுபற்றி ஒன்றும் கூறவில்லை. அவரைப் பின்பற்றி ஐதராபாத்தின் அடுக்ககச் சங்கங்களும் மௌனம் காக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் சூறைக்காற்று வீசி, வேர் ஆழம் போகாத குல்மோகர் மரம் யாருடைய கார்மீதாவது சாய்ந்த பிறகே வினா உயிர்பெறுகிறது.

2. முன்னோர் பங்களிப்பு

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் எலும்பறுக்கச் சங்கிலி வாளைக் கையாண்டனர். கடினமான பிரசவத்தில் இடுப்பெலும்பின் இணைப்பைப் பிரிப்பதும் அதன் பணிகளுள் ஒன்று. இன்றைய சங்கிலியின் பல்லமைப்பு 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் பகுதியில் கருக்கொண்டது. மரத்தை இடமும் வலமுமாகக் கடித்துத் துளைத்த வண்டுப்புழுவை ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி உற்றுநோக்கி, அதன் தாடைகளை எஃகில் வடித்தார். ஆக, பிரசவ அறையில் பிறந்து புழுவிடம் பாடம் கேட்ட கருவி இது. இத்தகைய குலப்பெருமை உடையதை மோட்டார் அறையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் போட்டுவைப்பது தகுமா என்பது தனி ஆய்வுக்குரியது.

3. இரு கட்சிகள்

இறுக்கவாதி, சங்கிலியை இறுக்கும் திருகாணியை மூச்சடைக்கத் திருகுவார். சங்கிலி ஓடும் தட்டையான பாரும் அதன் முனைச் சக்கரமும் சூடேறித் தேயும், இன்ஜின் திணறும். தளர்வுவாதி, "ஓடினால் தானே சரியாகிவிடும்" என்பார். சங்கிலி பாரின் பள்ளத்தை விட்டுக் கழன்று அவர் பக்கமே பாயும். உரையாசிரியர் மரபுப்படி இருவரையும் மறுத்து மேலே செல்வோம்.

4. சித்தாந்தம்

இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, கையுறை போட்டுக்கொள்க. பாரைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்துக. பாரின் மூக்கை மேலே தூக்கிப் பிடித்தபடி திருகாணியைத் திருப்புக. சங்கிலி அடிப்பக்கம் தொங்கலின்றி ஒட்டியதும் நட்டுகளை முடுக்குக. கையால் இழுத்தால் சங்கிலி தடையின்றி ஓட வேண்டும்; தூக்கிப் பார்த்தால் பள்ளத்தை விட்டு முழுதும் வெளிவரக் கூடாது.

ஒன்றரை மீட்டர்ச் சங்கிலி 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 2 மி.மீ. நீளும். வேலைக்கு நடுவே அந்தத் தொங்கலைச் சூட்டிலேயே இறுக்கிவிட்டு அப்படியே போட்டுச் சென்றால், ஆறிச் சுருங்கும் சங்கிலி இன்ஜினின் தண்டையும் பேரிங்கையும் நெரிக்கும். சூட்டில் இறுக்கியதை வேலை முடிந்ததும் தளர்த்திவிடுவதே முறை.

5. மூல காரணம்

அடிக்கடி தளரும் சங்கிலிக்காகத் திருகாணியைத் திட்டுவது வழக்கம். அறுக்கும்போது என்ன உதிர்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சீவல் உதிர்ந்தால் பல் கூர்மை. மாவு உதிர்ந்தால் மழுங்கல். மழுங்கினால் ஆள் அழுத்துவார், அழுத்தினால் சூடு, சூட்டால் நீட்சி, நீட்சியால் தளர்ச்சி, தளர்ச்சியால் வசவு. மருந்து உருண்டை அரம்: பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 டிகிரி சாய்வில், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில், உள்ளிருந்து வெளியே ராவ வேண்டும்.

அடுத்தது எண்ணெய். மரவாளை அடிமரத்துக்கு நேரே பிடித்து முடுக்கினால் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். டேங்கில் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவது சிக்கனம் எனப்படும், ராணிகஞ்ச் கடைகளில் புது பாருக்கு விலை கேட்கும்வரை.

6. விதிவிலக்குகள்

கோல்கொண்டாவின் நயா கிலாவில் நிற்கும் பெருக்கமரத்தின் சுற்றளவு 27 மீட்டர் அளவில் இருக்கிறது. அதன்முன் எந்தச் சங்கிலியும் நாணித் தளரும். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துப் புளியமரம் 1908 செப்டம்பர் மூசி வெள்ளத்தில், தன்மேல் ஏறிய சுமார் 150 பேரைக் காத்தது. அதனருகே மரவாளைக் கொண்டுபோவதே ஆகாது. நிற்கும் மரத்தை வெட்ட 2002ஆம் ஆண்டின் நீர், நில, மரச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஐதராபாத்தின் காஞ்ச கச்சிபௌலிப் பகுதியில் மரங்கள் அழிக்கப்பட்டபோது, 2025 ஏப்ரலில் திருகாணியை உச்ச நீதிமன்றமே கையில் எடுத்துக்கொண்டது.

7. முடிவு

இறுக்கம் ஒருமுறை வைத்து மறக்கும் பொருளன்று; குளிர்ந்தபோது பார்க்க வேண்டும், சூட்டில் பார்க்க வேண்டும், ஓய்வில் பார்க்க வேண்டும். மார்ச் மாதமே அரம், எண்ணெய், திருகாணி மூன்றையும் கவனித்த அடுக்ககச் சங்கம் ஒன்றைச் சான்று காட்ட இக்கட்டுரை விழைந்தது. மாதிரி கிடைக்காததால் அப்பகுதி காலியாக விடப்பட்டுள்ளது. தகுதியுடைய சங்கங்கள் விண்ணப்பிக்கலாம். கார் ஏற்கெனவே மரத்தடியில் சிக்கியவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். 2024இல் தொடங்கிய ஹைட்ரா என்னும் ஐதராபாத் அரசு முகமையின் பேரிடர்க் குழுவுக்குப் போன் செய்துகொள்ளவும்.