ப்ராஜெக்ட்டு பண்ணுகியா மக்கா?

லேய் மக்கா, இங்ஙன வா. அந்தப் புக்கைத் தா, பாப்போம். கொள்ளாம்! வழுவழுன்னு அட்டை, பொன்னெழுத்துல உனக்க பேரு. கல்யாணப் பத்திரிகை தோத்துப்போவும்.

முதல் பக்கம் முழுக்க நன்றியா? ஆண்டவனுக்கு, அப்பா அம்மைக்கு, பிரின்சிபாலுக்கு, லேப் அட்டெண்டருக்கு. சரிதான். ரூவா வாங்கிட்டு இதைச் செஞ்சு தந்த ப்ராஜெக்ட் சென்டர்காரனை மட்டும் எங்க காணல்லெ? உழைச்சவன் அவனாக்கும். ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையே!

"டீமுல நாலு பேரு பாட்டா"ங்குக. தெரியும். ஒருத்தன் ரூவா பிரிச்சான். ஒருத்தன் கடைக்குப் போனான். ஒருத்தன் அட்டைக்கு நிறம் சொன்னான். நாலாவது ஆளு வைவா அன்னைக்குத் தலைப்பை மனப்பாடம் பண்ணினான். கூட்டு முயற்சி இல்லாம பின்னே என்ன?

உங்க காலேஜுல உள்ள பெரிய ஆளுகளும் மோசமில்லெ. கம்பெனிக்காரனோட ஒப்பந்தம்பாவ. பேனரு, பொன்னாடை, போட்டோ. மறுநாளு அந்தக் கம்பெனிக்க கேட்டைத் தட்டின பிள்ளையளு எத்தனை? இன்டஸ்ட்ரியல் விசிட்டுன்னு பஸ் கிளம்பும். பாக்டரியில அரை மணிக்கூர், மூணாறுல ரெண்டு நாளு. அறிவு நல்லா வளரும், பின்னே?

சோலி தெரிஞ்ச பிள்ளையளும் இருக்கத்தான் செய்யுகாவ. 2009 ஏப்ரல் 20-ல அண்ணா பல்கலைக்கழகம் செஞ்ச 40 கிலோ அனுசாட் செயற்கைக்கோளு வானத்துக்குப் போச்சு. அது மெட்ராசுச் சங்கதி. நம்ம குமாரகோயிலு? நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்துல பிள்ளையளும் வாத்தியாமாருமா, இஸ்ரோகாரன்ட்டக் கேட்டுக் கேட்டு, 15 கிலோவுல நியூசாட்டுன்னு ஒண்ணு செஞ்சாவ. 2017 ஜூன் 23-ல பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டு 712 கிலோ கார்ட்டோசாட்டுக்கக் கூட இதையும் தூக்கிட்டுப் போச்சு. 505 கிலோமீட்டர் உசரம்! என்னத்துக்கு? பயிரு எப்படி நிக்குன்னு பாக்க. வெள்ளம், புயல் வந்தா சேதத்தைப் பாக்க. அதோட பேச ஆண்டெனாவும் கல்லூரியிலயே நட்டாவ. அம்புட்டு உசரத்துல இருந்து வயலைப் பாக்கணும்னு அவுங்களுக்குத் தோணிச்சு. உனக்கு ஹாஸ்டலுக்குப் பின்னால கிடக்க வயலு கண்ணுல படல்லெ!

வேளாண்மைக் கல்லூரிப் பிள்ளையளைப் பாத்திருக்கியா? கடைசி வருசம் கிராமத்துல தங்கணும். படிப்புலயே உள்ள சட்டமாக்கும். கோயில் முத்தத்துல கோலப்பொடியை வச்சு ஊருக்க படம் வரைவாவ. குளம் நீலம், வயலு பச்சை. பாத்துட்டு நிக்க கிழவி சும்மா இருப்பாளா? "மடை அங்ஙன இல்லெ பிள்ளே, வடக்க தள்ளிப் போடு"ன்னு காலால அழிச்சுப்போடுவா. பிள்ளை மறுபடி குனிஞ்சு வரையும். அதாக்கும் ஆராய்ச்சி. தப்புன்னு சொல்ல ஒரு ஆளு எதிர்ல நிக்கணும் மக்கா. உனக்க புக்கைத் தப்புன்னு யாரு சொல்லுவா? அலமாரிக் கரையானா?

"நல்ல தலைப்பு கிடைக்கல்லெ பாட்டா"ன்னு மட்டும் சொல்லாத. தோவாளைச் சந்தையில விக்காத பூவு வாடுகு. அதை என்ன செய்யலாம்? திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்துல பிறந்த டி.பி.எஸ். நெல்லு எந்த வயப்பத்துல நிக்கும், எந்த வயப்பத்துல சாயும்? அந்த நியூசாட் போன அதே வருசம் நவம்பர் 30-ல ஒக்கி புயல் அடிச்சுதே, ஆழ்கடல்ல கிடந்த வள்ளங்களுக்குச் சேதி போய்ச் சேரல்லெ. சின்னத்துறை, வள்ளவிளை, தூத்தூருன்னு கரை முழுக்க அழுதுது. கண்ணுக்கெட்டாத தூரத்துல கிடக்க வள்ளத்துக்குச் சேதி சொல்ல என்ன வழி? இதை விட நல்ல ஒரு தலைப்பு உனக்கு வேணுமா?

மனசிலாச்சா? கும்பப்பூ அறுப்பு உனக்க செமஸ்டர் லீவுக்காகக் காத்து நிக்காது. வெள்ளனே எந்திரி. வயலுக்கோ கடப்புறத்துக்கோ போ. செருப்பை வரப்புல கழத்திப் போடு. லேப்டாப்பு பையிலயே கிடக்கட்டும். அங்க சோலி பாக்கவன்ட்ட "உங்களுக்கு எதுல கஷ்டம்?"னு கேளு. அவன் உன்னை ஏசுவான். உங்க வாத்தியாரையும் சேத்து ஏசுவான். ஒண்ணு விடாம எழுதிக்கோ, முதல் அத்தியாயம் அதாக்கும். ரெண்டாவது அத்தியாயத்துக்கு நாளைக்கும் போகணும், பாத்துக்கோ.