மழை விடட்டும், பாத்துக்கலாம்

ஏலே பேரப்பிள்ள, வா, இப்படித் திண்ணையில உக்காரு. தீவாளிக்கு வந்த பய மூஞ்சி ஏன் ஊறப்போட்ட உளுந்து மாதிரி உப்பிக் கெடக்கு? உங்க ஆச்சி எல்லாம் சொல்லிட்டா. மெட்ராசுல படுக்கையறை ஒழுகுதாம்லா? அஞ்சாவது மாடி, மேல மொட்டை மாடிதான், காத்து பிச்சுக்கிட்டு வரும்னு போன தையில பீத்துனே. காத்து வந்துச்சோ என்னமோ, தண்ணி வந்துட்டு. மாசம் இருபத்திரண்டாயிரம் ரூவா குடக்கூலி கொடுத்து, வாளிக்குப் பக்கத்துல படுத்துக்கிடக்க யோகம் நம்ம வம்சத்துல உனக்குத்தான் வாய்ச்சிருக்கு.

ஓனர்கிட்ட சொன்னியா? அவுரு டெக்சாசுல இருக்காரு. மொட்டை மாடி பொதுச் சொத்து, அசோசியேசன்தான் பாக்கணும்ங்காரு. அசோசியேசன்ல கேட்டா, சீலிங் உங்க வீட்டுக்குள்ளதான இருக்கு, ஓனரைக் கேளுங்கங்காக. ரெண்டு பேரையும் சேத்துப் பிடிச்சா, ‘மழை விடட்டும், பாத்துக்கலாம்’. மழை விட்டபெறகு போனா, ‘இப்பத்தான் ஒழுகலையே!’ சரிதான. ஒழுகும்போது ஏற முடியாது, ஒழுகாதபோது ஏற வேண்டியதில்ல. இந்த ஞாயத்தை அப்பீல் கோர்ட்டுல கூட உடைக்க முடியாது.

அது யாரு, என் போனா அடிக்கி? அடிக்கட்டும், விடு. அது பாட்டுக்குப் பாடட்டும்.

தப்பு உம்மேலதான் பேரப்பிள்ள. எட்டயபுரம் சந்தையில ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கணும்னா நான் பல்லைப் பாப்பேன், கொளம்பைப் பாப்பேன், தூக்கி எடை பாப்பேன், சளி இருக்கான்னு மூக்கைப் பாப்பேன். நீ வீடு பாக்கப் போனது சித்திரை மாசம், மத்தியானம் மூணு மணிக்கு. அந்த நேரத்துல சல்லடை கூட ஒழுகாதுலே. வீடு பாக்கணும்னா ஐப்பசி அடைமழையில குடையோட போகணும். முடியலையா, அண்ணாந்தாவது பாக்கணும். சீலிங்ல ஒரு மூலையில மட்டும் புதுசா வெள்ளையடிச்சிருந்தா, அது அழகுக்கு அடிச்சது இல்ல. கறையை மூட அடிச்சது. கக்கூசுல தண்ணிய இழுத்து விட்டுப் பாக்கணும். காலையில ஏழு மணிக்குப் போயி, எல்லா வீட்டுலயும் குளிக்கிற நேரத்துல, குழாயைத் தொறந்து பாக்கணும். புரோக்கர்கிட்ட ஒண்ணுமே கேக்கப்படாது. அவுரு ஒரு மாச வாடகைக்காக நரகத்தையும் ‘நல்ல வெதுவெதுப்பான ஏரியா சார்’னு காட்டுவாரு. வாட்ச்மேனைக் கேளு. போன குடித்தனம் ஏன் காலி பண்ணுச்சுன்னு அவருக்குத்தான் தெரியும்.

அந்த ஊரு பேரையும் கொஞ்சம் உத்துக் கேளு. தாங்கல்னா என்ன? மழைத்தண்ணியத் தாங்கி நிறுத்துத குளம். பழவந்தாங்கல்னு ரயில்ல வாசிச்சியே, அதுக்கு அர்த்தம் யோசிச்சியா? மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு ஒண்ணு இருக்கு. லேக்கும் இல்ல, வியூவும் இல்ல. ஏரியத் தூத்து வீடு கட்டிட்டு, பேரை மட்டும் ஞாபகார்த்தமா வச்சிட்டாக. மனுசன் மறந்துட்டான். தண்ணி மறக்கல. வருசா வருசம் வந்து, இது எங்க வீடுன்னு விசாரிச்சுட்டுப் போகுது.

தண்ணி இல்லாட்டியும் அந்த ஊரு அந்த ஊருதான். 2019-ல ஏரியெல்லாம் வத்திப்போயி, சோலையார்பேட்டையிலருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல தண்ணி கொண்டுபோனாகள்லா? ஒரு வண்டிக்கு 25 லட்சம் லிட்டர். அதனால சம்ப் எத்தனை லிட்டர், போர் ஓடுதா, லாரி வந்தா காசு யாரு தலையிலன்னு முன்கூட்டியே கேக்கணும். கோவில்பட்டிக்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கே, அதான் எனக்கு வெக்கமா இருக்கு.

சரி, பத்திரத்துக்கு வா. பதினோரு பக்கம், ஒண்ணையாவது வாசிச்சியா? ‘எல்லாம் வழக்கமானதுதான் சார்’னு சொன்னாக, நீயும் எல்லாப் பக்கத்துலயும் நடிகர் ஆட்டோகிராப் போட்டது மாதிரி போட்டுட்டு வந்துட்டே. ஓனருக்கு மட்டும் வருசத்துக்குப் பதினோரு மாசம் ஏன் தெரியுமா? ஒரு வருசத்துக்கு மேல போனா பதிவு பண்ணணும்னு 1908-லயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். பன்னிரண்டாவது மாசத்தைக் கத்தரிச்சு நம்மாளு தப்பிச்சுட்டான். அந்தச் சூட்சுமத்துக்கும் இப்ப ஆயுசு முடிஞ்சு போச்சு. 1960 வருசத்து வாடகைச் சட்டத்தைத் தூக்கிட்டு 2017-ல புதுசா ஒண்ணு போட்டாக. 2019 பிப்ரவரி 22-லருந்து நடப்புல இருக்கு. எத்தனை மாசமா இருந்தாலும் ஒப்பந்தத்தை எழுதணும், வாடகை அதிகாரிகிட்டப் பதியணும்.

அட்வான்சு எத்தனை மாசம் கொடுத்தே? பத்தா? அந்தச் சட்டத்துல மூணு மாசம்தான் போட்டிருக்கு. துள்ளாத, வாலையும் கேளு: ‘ஒப்பந்தத்துல வேற மாதிரி பேசிக்கிட்டா ஒழிய’. வேற மாதிரி பேசிக்கிட்டது யாரு? ஆட்டோகிராப் போட்ட பெரிய மனுசரு. சர்க்காரு கதவுக்குப் பூட்டுப் போட்டுட்டு, சாவியை ஓனர் கையில கொடுத்து, பூட்டுக்காசை உங்கிட்ட வாங்கியிருக்கு.

மறுபடி அடிக்கே? வெள்ளத்துல விழுந்த தவளை மாதிரி கத்துது. கவுத்தி வையி.

இப்பக் கவனமாக் கேளு, மராமத்துக் கணக்கு. சட்டத்துக்குக் கடைசியில ஒரு பட்டியல் போட்டிருக்கு. குழாய்க்கு வாசர் போச்சா, நீ. சுவத்துக்குள்ள ஓடுத பைப்பு போச்சா, அவரு. சுவிட்சு, பிளக்கு, கீசர், கதவுப் பூட்டு, உடைஞ்ச கண்ணாடி எல்லாம் உன் தலை. சுவரு, கூரைன்னு கட்டடத்துல விழுத ஓட்டை, பெரிய வயரிங், வெள்ளையடிக்கது எல்லாம் அவரு தலை. ஆமா, வெள்ளையடிக்கது! காலி பண்ணையில பெயிண்டுக்குன்னு ஒரு மாச வாடகையைப் பிடிப்பாகள்லா, உன் கூட்டாளி ஒருத்தன் போன வருசம் அழுதானே, அவன்கிட்டச் சொல்லு. அவன் குடியிருந்த எட்டு மாசத்துல சுவரு ஒண்ணும் கிழடாயிருக்காது. பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு அப்பறமா அழச் சொல்லு. வீட்டை ஒப்படைச்ச ஒரு மாசத்துக்குள்ள மிச்ச அட்வான்சைத் திருப்பிரணும்னும் போட்டிருக்கு.

அசோசியேசன் கதை தனி. நான் போன கோடையில வந்திருந்தேன்லா, மொட்டை மாடியில மோர் மிளகா காயப்போட்டேன். ரெண்டு மணி நேரத்துல லிப்டுக்குள்ள நோட்டீசு: ‘பொது இடத்தில் உணவுப் பொருட்கள் உலர்த்துவது கண்டிப்பாகத் தடைசெய்யப்படுகிறது.’ மாடி ஒழுகுதுன்னு நீ ஆறு மாசமாச் சொல்லுதே, அதுக்கு ஒரு ஆளு ஏறிப் பாக்கல. என் மிளகாயப் பாக்க மட்டும் மூணு பேரு ஏறி வந்தாக. அன்னைக்கே உனக்கு வழி சொன்னேன்: ஓட்டை இருக்க இடத்துல மிளகாயக் காயப்போடுலே, கமிட்டியே வந்து நிக்கும்.

நம்மூர்ல குடிமராமத்துன்னு ஒண்ணு இருந்துச்சு. மழைக்கு முன்னால வீட்டுக்கொரு ஆளு மம்பட்டியோட கண்மாய்க் கரைக்குப் போகணும். ஓட்டை யாரு வயலுக்கு நேரா இருக்குன்னு எவனும் கேக்க மாட்டான். கேட்டா, அறுப்புக்கு அவன் இருக்க மாட்டான். உங்க ஊர்ல அதே மராமத்துக்கு மாசம் மூவாயிரம் வாங்குதாக. காசு கொடுக்கது வாடகைக்காரன், கூட்டத்துல கை தூக்குதது வீட்டுக்காரன். வாட்சப் குரூப்புல கூட உன்னைச் சேக்கலையாமே? அது ஒண்ணு மட்டும் அவுக உனக்குச் செஞ்ச உபகாரம்.

ஒரு விசயத்துல பயப்படாத. சண்டை வந்துட்டுன்னு தண்ணியையோ கரண்டையோ நிறுத்த ஓனருக்கு அதிகாரம் கெடையாது. நிறுத்துனா வாடகை அதிகாரிகிட்டப் போகலாம். வீட்டைப் பாக்க வரணும்னாலும் 24 மணி நேரத்துக்கு முன்னால சொல்லிட்டுத்தான் வரணும். டெக்சாசுலருந்து வர அதைவிட நேரமாகும், அது வேற.

இனி என்ன செய்யணும்? முதல்ல ஓனருக்கு வாட்சப்புல அந்தக் கும்பிடு பொம்மை அனுப்புததை நிறுத்து. கும்பிட்டுக்கிட்டே கேட்டா கோயில்லயே வரிசையில நிக்க விடுதான். ஒழுகுத இடத்தைத் தேதியோட படம் பிடி. கொத்தனாரைக் கூட்டியாந்து, எவ்வளவு ஆகும்னு ஒரு தாள்ல எழுதி வாங்கு. ஓனருக்கும் அசோசியேசனுக்கும் ஒரே நாள்ல எழுது. வாய்ப்பேச்சு மழையோட போயிரும், எழுத்துதான் கறை மாதிரி நிக்கும். எழுதியும் செய்யலைன்னா நீயே செஞ்சுட்டு, ரசீதைக் காட்டி வாடகையில கழிச்சுக்கிடலாம், சட்டத்துல எடம் இருக்கு. போகையில வாட்ச்மேனுக்கு ரெண்டு பாக்கெட்டு கடலை மிட்டாய் வாங்கிட்டுப் போ. மாடிச் சாவி அவருகிட்டத்தான் இருக்கு.

என்னலே அப்படிப் பாக்கே? நாலாங்கிளாசு படிச்ச கெழவனுக்கு இம்புட்டுச் சட்டம் எப்படித் தெரியும்னா? நம்ம பின்கட்டு ஓட்டு வீட்டுல டீச்சரம்மா குடியிருக்காகள்லா. போன கார்த்திகையில ஓடு ஒழுகுதுன்னு வந்து சொன்னாக. நான் என்ன சொல்லியிருப்பேன், நீயே சொல்லு. மழையும் விட்டுச்சு. ‘இப்பத்தான் ஒழுகலையே டீச்சர்’னேன். நாலாம் நாள் தபால்காரர் சைக்கிள்ல வந்து கையெழுத்துக் கேட்டாரு. பின்கட்டுலருந்து முன்கட்டுக்கு ரெஜிஸ்டர் தபால்! இருபதடி தூரம், மூணு நாள் பிரயாணம். அப்பறம் அந்தம்மாவே ஆளு வச்சு ஓடு மாத்தி, ரசீதை நீட்டி, வாடகையில கழிச்சுக்கிட்டாக. எங்க இருக்கு இந்த ஞாயம்னு சண்டைக்குப் போனேன். உக்கார வச்சு, வரிக்கு வரி வாசிச்சுக் காட்டி, கடைசியில ஒரு காப்பியும் கொடுத்து அனுப்புனாக. அவுக எனக்கு எடுத்த பாடத்தைத்தான் உனக்கு ஒப்பிச்சேன்.

பாரு, மறுபடி அடிக்கி. நேத்து ராத்திரி மழைக்கு இன்னொரு மூலை ஒழுகுது போல. நீ எடுத்து, தாத்தா கடலைக் காட்டுக்குப் போயிருக்காருன்னு சொல்லு. மழை விடட்டும்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிராத, தேதி போட்டு எழுதி வச்சுக்கிடுவாக.