மூன்று லில்லியும் ஒரு மண்வெட்டியும்

ஏக்கத்தை எப்படி எழுதுவது என்று படிக்க வேண்டுமா? ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான டான்டே கேப்ரியல் ரோசெட்டியிடம் போங்கள். 1847 வாக்கில், இருபது வயதுகூட நிரம்பாதபோது, ‘தி பிளெஸ்ஸட் டாமோசெல்’ கவிதையை எழுதத் தொடங்கியவர். செத்துப்போன காதலி சொர்க்கத்தின் பொன் வேலியில் சாய்ந்து நிற்கிறாள். கையில் மூன்று லில்லி, கூந்தலில் ஏழு நட்சத்திரம். பூமியில் பத்து ஆண்டு ஓடிவிட்டது. காதலன் வந்து சேரவில்லை. கடைசியில் கைகளில் முகம் புதைத்து அழுகிறாள். சொர்க்கத்துக்கே போனாலும் காத்திருப்பதும் அழுவதும் பெண்ணுக்கு ஒதுக்கிய வேலை. ஐயா கீழே இருந்தபடி அதைக் காதால் கேட்டு உருகுவார்.

விசேஷம் என்னவென்றால், இதை எழுதியபோது பறிகொடுக்கக் கவிஞருக்கு அப்படியொரு மனைவியே இல்லை. ஏக்கம் தயார், ஆள்தான் பாக்கி. அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர் எலிசபெத் சிடால், லண்டன் தொப்பிக் கடை ஒன்றில் வேலை பார்த்த பெண். ரோசெட்டியின் நண்பர் மில்லே ‘ஒபீலியா’ ஓவியத்துக்காக அவரைத் தண்ணீர்த் தொட்டியில் படுக்க வைத்தார். அடியில் வைத்திருந்த விளக்குகள் அணைந்து தண்ணீர் சில்லிட்டுப் போனது. ஓவியர் கவனிக்கவில்லை; சிடாலும் வாய் திறக்கவில்லை. அவர் நோயில் விழ, அப்பா மருத்துவச் செலவு கேட்டு மிரட்ட வேண்டியிருந்தது. படம் இன்று டேட் பிரிட்டனில் தொங்குகிறது. பார்க்கிறவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

கவிதையில் பத்து ஆண்டு பிரிவு அல்லவா? வாழ்க்கையிலும் ஏறத்தாழ அதே கணக்குதான். ஆனால் காக்க வைக்கப்பட்டவர் உயிரோடு, பக்கத்திலேயே இருந்தார். கல்யாணம் இன்றைக்கு, நாளைக்கு என்று கவிஞர் இழுத்தடித்தார். சிடால் வெறும் மாடல் அல்ல; அவரும் ஓவியர், அவரும் கவிஞர். 1855இல் கலை விமர்சகர் ரஸ்கின் ஆண்டுக்கு 150 பவுன் கொடுத்து அவருடைய படங்களை வாங்க முன்வந்தார். 1860இல், உடம்பு முற்றிலும் நொந்த பிறகு தாலி பாக்கியம் கிடைத்தது. மறு ஆண்டு குழந்தை இறந்தே பிறந்தது. 1862 பிப்ரவரியில், அபின் கரைத்த லாடனம் அளவுக்கு மீறி உள்ளே போய், 32 வயதில் செத்துப்போனார்.

இருக்கும்போது கஞ்சி ஊற்றாதவன் திவசத்துக்கு வடை பாயசம் போட்ட கதையாக, கவிஞர் தன் கையெழுத்துக் கவிதை நோட்டைச் சவப்பெட்டியில் மனைவியின் கூந்தலருகே வைத்தார். என்ன தியாகம்! ஏழரை ஆண்டு கழித்துத்தான், புத்தகம் போடச் சரக்கு போதவில்லை என்று தெரிந்தது.

உள்துறை அமைச்சரிடம் அனுமதி வாங்கினார்கள். 1869 அக்டோபரில் ஓர் இரவு, ஹைகேட் இடுகாட்டில் தீ மூட்டிவிட்டுக் குழியைத் தோண்டினார்கள். கவிஞர் வரவில்லை, மென்மையான மனசு, தாங்காது. மேற்பார்வை பார்த்தது சார்லஸ் ஹவல் என்கிற ஏஜென்ட். அம்மையாரின் கூந்தல் இன்னும் செம்பொன்னாக மின்னியது என்று வந்து சொன்னார். ஹவல் ஊரறிந்த புளுகர் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். நோட்டைக் கிருமிநாசினியில் நனைத்துக் காயவைத்துத்தான் கையில் கொடுத்தார்கள். ‘ஜென்னி’ என்ற கவிதையின் தாள்களில் புழு துளை போட்டிருந்தது. ரோசெட்டியின் விமர்சகர்களில் அந்தப் புழுவுக்கே என் ஓட்டு.

1870இல் புத்தகம் வந்தது, நன்றாக விற்றது. செத்த மனைவியின் முகத்தை ‘பியாட்டா பியாட்ரிக்ஸ்’ என்று வரைந்து, கேட்டவர்களுக்குப் பிரதியும் போட்டுக் கொடுத்தார். அந்தப் பழைய டாமோசெல்லையும் எழுபதுகளில் எண்ணெய் ஓவியமாக்கினார், வேறொரு மாடலின் முகத்தோடு. சொர்க்கத்திலும் ஆள் மாற்றம்! இதற்குப் பெயர் அமரக் காதலாம். சொல்லச் சிலருக்கு வாய் கூசுவதில்லை. சிடால் எழுதிய கவிதைகளில் ஒன்றுகூட அவர் உயிரோடு இருந்தபோது அச்சாகவில்லை. அதற்கு ஏங்கியவர் யாரையும் காணோம்.

ரோசெட்டி 1882இல் இறந்தார். என்னை ஹைகேட்டில் மட்டும் புதைக்காதீர்கள் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். அப்படியே கடலோரத்தில், பர்ச்சிங்டனில் புதைத்தார்கள். மனைவி ஹைகேட்டிலேயே இருக்கிறார்.