வாசலில் ஒரு பிரெஞ்சு நோயாளி

கொசு மருந்து வண்டி வந்துவிட்டது என்று நினைத்து எங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேர் ஓடி வந்தார்கள். வெள்ளைப் புகைக்குள் புகுந்து கத்தினார்கள், குதித்தார்கள். புகை கலைந்ததும், நிற்பது என் ஜீப் என்று தெரிந்து முகம் தொங்கத் திரும்பிப் போனார்கள். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் போகவில்லை. மாடியில் காயப்போட்ட வற்றலை அள்ளிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஜீப் என்றால் மஹிந்திரா எம்.எம். 540. என்னைவிடக் கொஞ்சம் இளையது, மூட்டுவலி மட்டும் என்னைவிட அதிகம். பூஞ்சேரிப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியபோது, அந்தக் கடனே போதாதென்று இதையும் ஏலத்தில் எடுத்தேன். வீட்டில் சொன்ன காரணம், மாமல்லபுரம் கடற்கரை மணலில் குடும்பத்தோடு ஜம்மென்று போகலாம், நாலு சக்கரமும் இழுக்கும் என்பது. அந்த மணலில் வண்டி விடக் கூடாது, அதிலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை கடலாமைகள் முட்டையிட வரும் இடம் அது என்பதெல்லாம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. நாலு சக்கர கியரை நான் போட்டது ஒரே ஒரு தடவை. பக்கத்து மனையில் கொட்டியிருந்த எம்-சாண்ட் குவியலில் ரிவர்ஸ் எடுத்து மாட்டிக்கொண்ட அன்று.

ஆனால் இன்ஜினின் குலம் கோத்திரம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பியூஜோ கம்பெனியின் எக்ஸ்.டி.பி. 4.90. நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 2112 சி.சி. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்காமலே இதைச் சொல்லியிருக்கிறேன். 2112 என்று சொல்லும்போது என் குரல் கனத்துவிடும் என்பாள் மனைவி. சம்பளத்தைச் சொல்லும்போது அப்படி ஆவதில்லை என்றும் சேர்த்துக்கொள்வாள்.

புகை வந்த அன்றே வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது. என் மாமனார் ரயில்வேயில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்தவர். ஆகவே இன்ஜின் விஷயத்தில் அவர் சொல்வதற்கு வீட்டில் அப்பீல் கிடையாது. "பேட்டரி வீக் மாப்பிள்ளை" என்றார். புது பேட்டரி வந்தது. புகை முன்பைவிடச் சுறுசுறுப்பாக வந்தது. மூன்றாவது வீட்டுக்காரர் "நாசில் அடைச்சிருக்கும்" என்றார். நாலு நாசிலையும் கழற்றிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்ச் சர்வீஸ் செய்து வந்தேன். பயனில்லை. அதன்பின் வேறு யாரையும் நம்புவதில்லை என்று நானே படிக்க உட்கார்ந்தேன். விபரீதம் அங்கேதான் முற்றியது.

டீசல் இன்ஜினில் பொறி போடும் பிளக் கிடையாது. காற்றை இருபது மடங்குக்கும் மேல் அழுத்தினால் அது தானாகவே சூடேறும், அந்தச் சூட்டில் டீசல் பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும். காலைக் குளிரில் உதவிக்கு ஹீட்டர் பிளக் உண்டு. அது வேலை செய்யாவிட்டால் டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வரும். கண்டுபிடித்துவிட்டேன்! நாலு ஹீட்டர் பிளக்கும் மாற்றினேன். அதே படிப்பில் இன்னொன்றும் கிடைத்தது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜின் ஒன்றைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்களாம். இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அன்றிரவே எண்ணெய் டின் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

எல்லாம் புதுசாக மாட்டிய திமிரில் ஒரு திங்கட்கிழமை செங்கல்பட்டுக்கு ஆபீஸ் கிளம்பினேன். திருக்கழுக்குன்றம் மலையடிவாரம் வரைக்கும் வந்தது. அங்கே ஒரு முக்கல், ஒரு முனகல், பானெட்டின் நாலு பக்கமும் புஸ்ஸென்று ஆவி. இறங்கித் தள்ளினேன். மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறையை ஏழு யானை கட்டி இழுத்தும் அசையவில்லை என்று சொல்வார்கள். யானைகளின் மனநிலை எனக்கு அன்று புரிந்தது.

அந்த மலைக்கு இரண்டு கழுகுகள் உச்சி வேளையில் தவறாமல் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகுமாம். அவை வருவது நின்று பல வருஷமாகிறது. மெக்கானிக் பாயும் அந்த வழியில்தான். "பத்து நிமிஷத்துல வந்துடுறேன் சார்" என்றவர் உச்சி வேளை தாண்டி டி.வி.எஸ். 50-இல் வந்து இறங்கினார்.

வந்தவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை.

"புகையில கண்ணு எரிஞ்சுதா சார்?"

"இல்ல பாய். பிள்ளைங்க உள்ள பூந்து விளையாடுச்சுங்க."

"டீசல் புகைன்னா கண்ணு எரியும், நாறும். இது ஆவி சார்."

போனில் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் காதில் கடைசி வார்த்தை மட்டும் விழுந்து, அன்று மாலையே எலுமிச்சம்பழம் தயாரானது வேறு கதை.

பாய் ஆயில் குச்சியை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரக் கடைகளில் பித்தளை டபராவில் தருகிற டிகிரி காபி நிறத்தில் நுரைத்திருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் ஆகும். பிளாக்குக்கும் மேலே உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற கேஸ்கட் போய்விட்டது. ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி ஆவியாகிறது, மிச்சம் ஆயிலுக்குள் போகிறது. "தண்ணி குறையுதா சார்?" என்றார். தினமும் அரைச் செம்பு குறையும், வெயில் என்று நினைத்து ஊற்றிவிடுவேன் என்றேன். பாய் வானத்தைப் பார்த்தார்.

"ஆனா டெம்பரேச்சர் முள்ளு நடுவுலயேதானே நிக்குது பாய்?"

"சாவியை எடுத்துட்டேன் சார். இப்பவும் அங்கயேதான் நிக்குது."

ஆறு வருஷமாக அந்த முள்ளின் நிதானத்தை மெச்சிக்கொண்டிருந்தேன். என் பையனுக்கு உதாரணமாகவே காட்டியிருக்கிறேன்.

வண்டியைக் கட்டி இழுத்துச் செங்கல்பட்டு கொண்டுபோய் ஹெட்டை இறக்கினார்கள். அதன்மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, அடியில் மெல்லிய தகட்டைச் செருகிப் பார்த்தார் பாய். தகடு தாராளமாகப் போய் வந்தது. சூட்டில் ஹெட் வளைந்திருக்கிறது. லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்தாக வேண்டும். ஆயில் சேம்பரைக் கழற்றினால், தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடி பேரிங்கும் தேய்ந்திருந்தது. நல்ல கேஸ்கட் கிடைப்பதோ, திருக்கழுக்குன்றம் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மிதந்து வருமாமே சங்கு, அந்த மாதிரி. சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து ஒன்று பிடித்தேன். பஸ்ஸில் வரும்போது கைக்குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எக்ஸ்ரேயா என்று விசாரித்தார்.

ஹெட் போல்ட்டுகளை இறுக்கும்போது நான் உதவிக்குப் போனேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வரிசையாக, பந்தியில் உப்பு வைப்பது போல ஆரம்பித்தேன். பாய் என் கையிலிருந்து ஸ்பேனரை மெல்ல வாங்கிக்கொண்டு, டீ வாங்கி வரச் சொன்னார். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக மாற்றி மாற்றி, ஒரே மூச்சில் இல்லாமல் இரண்டு மூன்று சுற்றாக, அளவு காட்டும் டார்க் ரென்ச்சில் இறுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் புதுக் கேஸ்கட்டும் ஒரு மாதத்தில் போகும்.

ரேடியேட்டரைப் பிரித்தபோதுதான் குற்றவாளி யார் என்று தெரிந்தது. உள்ளே குழாய்களெல்லாம் வெள்ளை வெள்ளையாக அடைந்து ஒரு சின்ன உப்பளமே இருந்தது. கடலோரத்து எங்கள் வீட்டு போர் தண்ணீர். பக்கெட்டில் பொருக்குத் தட்டும், குழாய் வாயில் பூக்கும். அதைத்தான் ஆறு வருஷமாகச் செம்பு செம்பாக ஊற்றியிருக்கிறேன். குழாய் அடைத்து, சூடு தாங்காமல் ஹெட் வளைந்து, கேஸ்கட் கிழிந்திருக்கிறது. பிரான்ஸ்காரன் மேலும் பழியில்லை, இங்கே செய்தவர்கள் மேலும் பழியில்லை.

வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னேன். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"பருப்பே வேகாதுன்னுதானே நான் கேன் தண்ணி வாங்கறேன். அதைக் கொண்டுபோய் இன்ஜினுக்கு ஊத்துவாங்களா?"

பேட்டரி, நாசில், ஹீட்டர் பிளக், மாமனார், மூன்றாவது வீட்டுக்காரர், என் ராத்திரிப் படிப்பு எல்லாம் சேர்ந்து தொடாத இடத்தை அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து தொட்டுவிட்டாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. காலண்டரின் பின்பக்கத்தில் வண்டிச் செலவு முழுவதையும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறாள். அதில் கேஸ்கட்டின் விலைதான் எல்லாவற்றிலும் குறைவு.

இப்போது வண்டி ஓடுகிறது. உள்ளே பச்சைக் கூலன்ட்டும் நல்ல தண்ணீரும். முள்ளுக்குப் புது ஒயர் போட்டாயிற்று. அது ஏறி இறங்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. என்றைக்காவது திருக்கழுக்குன்றம் சாலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவன் நிற்பதைப் பார்த்தால், வண்டியை நிறுத்தி "பேட்டரியா சார்?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு பாட்டில் கேன் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போங்கள்.