தம்பிக்கு எழுதிக் கொடுத்தவர்

பெங்களூரில், பொம்மசந்திராவில் குடியிருப்பவனுக்கு ஊரைத் தாண்டுவதே பாதி யாத்திரை. 2025 ஆகஸ்டில் மஞ்சள் லைன் மெட்ரோ வந்ததும், இனி சில்க் போர்டு நெரிசலில் கிடந்து வேக வேண்டாமே என்ற குஷியில், "எங்கேயாவது போய்வரலாமா?" என்று வாயை விட்டேன். மனைவி அன்றைக்கே மங்களூருக்கு நைட் பஸ் டிக்கெட் போட்டாள். கூடவே அவள் அம்மாவுக்கும் ஒன்று.

மங்களூர் லைட்ஹவுஸ் ஹில்லில் புனித அலோசியஸ் கல்லூரி இருக்கிறது, 1880-ல் தொடங்கியது. அதன் சிற்றாலயத்தைத்தான் வாடிகனின் சிஸ்டைன் ஆலயத்தோடு வைத்துப் பேசுவார்கள். அந்தோனியோ மொஸ்கேனி என்ற இத்தாலிய இயேசு சபைச் சகோதரர் 1899 வாக்கில் தொடங்கி, சுவர், வளைவு, கூரை என்று ஓர் இடம் விடாமல், பழைய இத்தாலிய ஓவியர்களின் வழியில் வரைந்து தள்ளிவிட்டார். மொத்தமும் இரண்டரை வருஷ வேலை. எங்கள் வீட்டுச் சமையலறைக்குச் சுண்ணாம்பு அடித்தவர் பொங்கலுக்கு ஆரம்பித்து ஆடி வரை இழுத்தார் என்பதை இங்கே பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

சும்மா போகிற ஆளா நான்? மாமியார் முன்னால் ஒரு தடவையாவது அறிவாளியாகத் தெரிய வேண்டுமே! பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டுவதுதான் ஃப்ரெஸ்கோ, காய்ந்தால் போச்சு. சிஸ்டைன் கூரையை 1508 முதல் 1512 வரை வரைந்த மைக்கேலாஞ்சலோ, தன் உடம்பு பட்ட பாட்டைக் கவிதையாகவே எழுதி வைத்தார். இப்படி எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டேன்.

ஷிராடி மலைப்பாதை வளைவுகளில் நான் பிளாஸ்டிக் பையும் கையுமாகக் கிடந்தேன். பக்கத்து சீட்டில் மாமியார் தட்டை சாப்பிட்டுக்கொண்டு வந்தார்.

ஆலயத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. குறிப்பைப் பார்க்கலாமென்று போனை எடுத்தேன்; காவலர் தூரத்திலிருந்தே விரலை ஆட்டினார். என் அறிவு மொத்தமும் சட்டைப் பைக்குள் போய்விட்டது. அண்ணாந்து பார்த்து, "நல்லாருக்கு" என்றேன். மனைவி அதற்குப் பதில் சொல்லவில்லை.

அங்கே ஓர் ஆசிரியை பிள்ளைகளுக்குக் கன்னடத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கர்நாடகத்தில் குப்பை கொட்டியும் என் கன்னடம் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி'யோடு சரி. மாமியாரோ கொத்தமல்லிக்குப் பேரம் பேசியே அந்த மொழியில் பண்டிதர் ஆகிவிட்டவர். பிள்ளைகளோடு போய் நின்று, கோயில் சுவரில் தலபுராணம் பார்ப்பதுபோல் கூரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"மாப்ளே, இந்த அலோசியஸ் பெரிய இடத்துப் பிள்ளையாம். மூத்தவராம். சொத்து, பட்டம் எல்லாத்தையும் தம்பிக்கு எழுதிக் கொடுத்துட்டுச் சாமியாராப் போயிட்டாராம். கொள்ளைநோய் வந்தவங்களைத் தூக்கிப் பராமரிச்சே இருபத்துமூணு வயசுல செத்துப்போனாராம்."

1591-ல் ரோமில் நடந்தது அது. எனக்கும் என் தம்பிக்கும் நடுவே ஆரணியில் கிடக்கும் அரை கிரவுண்டு விவகாரம் நேற்றைக்கு நடந்தது. மாமியார் வேறொன்றும் சொல்லவில்லை. "தம்பிக்கு" என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். மனைவி கூரையைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் தப்பி மறுபடி அண்ணாந்தபோதுதான் கழுத்து பிடித்துக்கொண்டது.

மொஸ்கேனி பிறகு கொச்சிக்குப் போய் சாந்தா குரூஸ் தேவாலயத்திலும் வரைந்தார். 1905-ல் அங்கேயே காலமானார். லியோனார்டோ பாணியில் அவர் தீட்டிய கடைசி இரவு விருந்து அங்கே இருக்கிறதாம். அதையும் பார்த்தாக வேண்டும் என்று மாமியார் சொல்லியாகிவிட்டது. நல்லவேளை, கொச்சியில் மலையாளம்.

நீங்களும் அவசியம் மங்களூர் போய்ப் பாருங்கள். கழுத்துக்கு ஒரு தைலம் எடுத்துக்கொள்ளுங்கள். பங்காளி வழக்கு பாக்கி இருந்தால், கன்னடம் தெரிந்த மாமியாரை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.